டயர்த் தண்ணீர்

இன்னும் சரியாக விடியவில்லை. மருந்துக் கிடங்கின் வாசலில் புகை மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செருமி, இருமி, கடைசியில் உறுமத் தொடங்கின. டீசல் நாற்றம் நாக்கில் வந்து ஒட்டியது. பீப்பாயில் டீசலையும் மருந்தையும் நீளக் கட்டையால் கலக்கிக்கொண்டிருந்த தாடிக்காரர் கட்டையின் நுனியை முகர்ந்துபார்த்துக் காறித் துப்பினார்.

"மருந்து பாட்டிலைத் திறந்து பீப்பாய்க்குக் காட்டினதோட சரி. மத்ததெல்லாம் டீசல். இதுல கொசு சாகாது. நம்ம நெஞ்சுதான் கருகும்."

"கருகட்டும். கருகின நெஞ்சுக்கும் சேர்த்துக் கூலியில பிடிச்சுக்குவாங்க" என்றான் சத்தம்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் தெருமுனை வரை கேட்டது. வருடக்கணக்காக மெஷினைத் தோளில் போட்டுத் திரிந்து காது மந்தமாகிவிட்டதால் தன் குரலின் அளவு அவனுக்கே தெரியாது. ரகசியம் சொன்னாலும் ஊரைக் கூட்டிவிடுவான். அதனால்தான் அவனுக்குச் சத்தம் என்று பேர்.

மெஷினின் வாரை அவன் தோளில் ஏற்றி இறுக்கிவிட்டவள் அவனுடைய அண்ணி. அவளை எல்லாரும் டார்ச்சக்கா என்பார்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூச்சட்டித் தட்டு, குளியலறை மூலை என்று தண்ணீர் நிற்கிற இடத்திலெல்லாம் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது அவள் வேலை. புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்லுவாள். கொட்ட மனமில்லாதவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு மருந்து ஊற்றிவிட்டு வருவாள். அவள் கல்யாணமாகி வந்தபோது சத்தம் மூக்கொழுகும் பையன். புருஷன் செத்த பிறகும் கொழுந்தனை அவள் விடவில்லை, அவனும் அவளை விடவில்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பற்றி ஊர் வாய் ஏதேதோ சொல்லிச் சலித்து ஓய்ந்துவிட்டது.

"பெட்ரோல் மூடி கசியுதுடா" என்றாள், மெஷினின் பக்கவாட்டைத் தடவிப்பார்த்து. விரல் நனைந்திருந்தது.

"துணி சுத்தியிருக்கேன் அண்ணி."

"நெருப்பு கக்குற மெஷினுக்குத் துணி சுத்தினா ஆச்சா? வாஷர் மாத்தச் சொல்லி எத்தனை தடவைதான் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க. நான் சொன்னா கத்துறேன்னு சொல்றாங்க."

அப்போது காண்ட்ராக்டரின் கார் வந்து நின்றது. வழக்கமாக அவர் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கவே மாட்டார். காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். குளிர்ந்த காற்றும் வாசனையும் வெளியே வந்தன.

"காய்ச்சல் ஜாஸ்தியாயிடுச்சுன்னு மேலிடத்துல என் கழுத்தைப் பிடிக்கிறாங்க. இன்னையிலிருந்து சாயங்காலமும் ஒரு சுத்து அடிக்கணும். கூலி பழைய கூலிதான். காய்ச்சல்னு படுத்தா அன்னைக்குக் கூலி கிடையாது. வேற ஆள் ரெடியா இருக்கு."

மெஷின்கள் மட்டும் உறுமின. டார்ச்சக்கா கார் அருகே போனாள்.

"சார், ஒரு மெஷின் கசியுது."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"பின் தெருவுல வீட்டுக்கு வீடு காய்ச்சல் சார். நான் எல்லா டிரம்மையும் பாத்துட்டேன். தெருவை ஒட்டி உங்க டயர் கிடங்கு இருக்கே, மழைத் தண்ணி முழுக்க அதுக்குள்ளதான் நிக்குது. ஒரு நாள் கேட்டைத் திறந்துவிட்டா நாங்களே கொட்டிடுவோம்."

காண்ட்ராக்டர் அவளை நிதானமாகப் பார்த்தார்.

"உன்னை எந்தத் தெருவுக்குப் போகச் சொல்லியிருக்கு?"

"பின் தெருவுக்கு."

"அப்ப தெருவைப் பாரு. மதிலைப் பாக்காதே."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது. பழைய டயர்களை மலைபோலக் குவித்து வைத்து, விலை ஏறும்போது விற்பது அவருடைய இன்னொரு தொழில். கொசு ஒழிப்புக் காண்ட்ராக்டும் அவருக்கே கிடைத்ததில் ஊரில் யாருக்கும் வியப்பில்லை. கேட்டால் சிரிப்பார்கள். காய்ச்சல் வந்த வீட்டில் மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

பின் தெரு என்பது தெருவே இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. ஒரு பக்கம் தகரக் கூரை வீடுகள். மறுபக்கம் டயர் கிடங்கின் உயர்ந்த மதில். சந்தைக்கு மூட்டை தூக்கும் சுமைக்காரர்கள்தான் பெரும்பாலும் குடியிருந்தார்கள். அன்று காலை சந்துக்குள் கால் வைத்ததுமே டார்ச்சக்காவுக்கு என்னவோ போலிருந்தது. ஆண்கள் வேலைக்குப் போகாமல் சுவரோரம் குந்தியிருந்தார்கள். பாத்திரம் விளக்கும் ஒலியோ குழந்தைகளின் குரலோ இல்லை.

நடுவீட்டு வாசற்படியில் ஒரு பெண் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. அது எதையும் பார்க்கவில்லை. அவள் மடியில் ஒரு குழந்தையின் பாவாடை சுருண்டு கிடந்தது. டார்ச்சக்காவுக்கு அந்தப் பாவாடையைத் தெரியும். டிரம்மில் டார்ச் அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்து, "எனக்கும் காட்டு" என்று நச்சரிக்கும் பெண் குழந்தையுடையது. முந்தின நாள் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரி வாசலில் இடம் கிடைக்கும் முன்பே அது செத்துப்போயிருந்தது.

டார்ச்சக்கா திரும்பிச் சத்தத்துக்குக் கை காட்டினாள். நிறுத்து என்று. அவனோ பின்னால் வெள்ளைப் புகைக்குள் இருந்தான். அவனுக்குக் கை தெரியவில்லை. அவள் கத்தியது கேட்கவுமில்லை. குழலிலிருந்து புகை பீய்ச்சியடித்துச் சந்து முழுக்க நிறைந்தது. வாசற்படியில் இருந்தவளையும் மூடியது.

"நிறுத்துடா நாயே."

புகைக்குள்ளிருந்து ஒரு பெரிய உருவம் வந்தது. செத்த குழந்தையின் அப்பன். இரண்டு மூட்டையை ஒரே நேரத்தில் முதுகில் ஏற்றுகிற சுமைக்காரன். அவன் சத்தத்தின் சட்டையைப் பிடித்துச் சுவரில் அறைந்தான்.

"என் புள்ள செத்துக் கிடக்குது. இப்பவும் டீசல் புகையைக் காட்டி ஏமாத்துறியா? எவன் சோத்தைத் தின்னுட்டு எவன் வாயில மண்ணைப் போடுறே?"

சத்தத்துக்கு எதுவும் கேட்கவில்லை. மெஷினை அணைக்க விசையைத் தேடினான். அதற்குள் மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள். ஒருவன் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. ஒருவன் விலாவில் மிதித்தான். விழுந்தவன் மேல் செருப்பும் கட்டையும் விழுந்தன. டார்ச்சக்கா ஓடிப்போய் அவன் மேல் கவிழ்ந்தாள். யாரோ அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து அப்பால் எறிந்தார்கள். மதிலில் மண்டை இடித்தது. காதுக்குள் ஊசியாக ஒரு ஒலி.

எழுந்தபோது யாரோ மெஷினை எட்டி உதைப்பதைப் பார்த்தாள். குழல் பழுக்கக் காய்ந்து சிவந்திருந்தது. வார் இன்னும் சத்தத்தின் தோளில்தான். மூடி தெறித்தது. பெட்ரோல் அவன் மார்பில் கொட்டியது.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. அடுத்த நொடி, துணியை உதறியது போல ஒரு ஒலி. அவன் மார்பிலும் கையிலும் நெருப்பு எழுந்து நின்றது.

அடித்தவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். அவன் எழுந்து ஓடப்பார்த்தான். வார் அவனை மெஷினோடு கட்டிப்போட்டிருந்தது. டார்ச்சக்கா அவனை நோக்கிப் போகவில்லை. டிரம்மை நோக்கிப் போனாள். நடுவீட்டு வாசலில் நின்ற நீல டிரம். மற்ற நாளாக இருந்தால் அதை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அவள் தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினாள். டிரம் சாய்ந்தது. தண்ணீர் மொத்தமும் அவன் மேல் பாய்ந்தது. அப்போதும் அணையாத வாரைக் கையாலேயே பிய்த்து எறிந்தாள்.

புகையும் நீராவியும் விலகியபோது சத்தம் சேற்றில் மல்லாந்து கிடந்தான். மார்புத் தோல் சட்டையோடு சேர்ந்து உரிந்திருந்தது. அந்தச் சிவந்த சதையின் மேல், டிரம் தண்ணீரில் இருந்த கொசுப்புழுக்கள் வளைந்து வளைந்து துடித்துக்கொண்டிருந்தன.

டார்ச்சக்கா அவற்றை ஒவ்வொன்றாக விரல் நுனியால் எடுக்கத் தொடங்கினாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடித்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். வாசற்படியில் இருந்தவள் மட்டும் அப்படியே இருந்தாள். நெருப்பைக்கூட அவள் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் பாய்க்கு இரண்டு பேர் என்று கிடந்தார்கள். தீக்காய வார்டுக்குப் போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். சத்தத்துக்குக் கட்டுப்போட்டுப் படுக்கவைத்த பிறகு டாக்டர் வெளியே வந்தார். களைத்துப்போன இளம் பெண்.

"பிழைப்பாரா?" என்று கேட்டாள் டார்ச்சக்கா.

"சீழ் பிடிக்காம இருந்தா. இப்ப அதுக்கு மேல எதுவும் சொல்ல முடியாதும்மா."

உள்ளேயிருந்து அவன் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "அண்ணி, மெஷின் என்னாச்சு? மெஷினுக்குப் பிடிச்சுக்குவாங்களா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போய் அவன் தலையைத் தடவினாள். தடவ அந்த இடம்தான் மிச்சமிருந்தது.

மத்தியானம் காண்ட்ராக்டர் வந்தார். கூடவே இன்ஸ்பெக்டரும். காண்ட்ராக்டர் மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். அவளைத் தூணோரம் அழைத்துப்போனார். குரலில் அப்படியொரு கனிவு.

"ஏம்மா, அவன் எனக்கும் பையன் மாதிரிதான். இங்கேயிருந்து எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடறேன். எல்லாச் செலவும் என்னோடது. நீ ஒண்ணே ஒண்ணு செய். அடிச்சவன் யாருன்னு காட்டு. அந்தச் சுமைக்காரனும் இங்கதான் எங்கேயோ இருக்கானாம். கொலை முயற்சின்னு உள்ளே தள்ளிடலாம்."

"காட்றேன்" என்றாள் அவள். யோசிக்கவேயில்லை. காலையிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான்.

"அவ்வளவுதான் வேணும். மெஷின் கசிஞ்சது, மூடி சரியில்ல, அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அவனுங்க கொளுத்தினானுங்க. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். மூன்று பேரும் வார்டு வார்டாகப் போனார்கள். குழந்தைகள் வார்டின் கடைசியில், ஜன்னலை ஒட்டி, அவன் நின்றிருந்தான். அந்த மலை போன்ற உடம்பு கொஞ்சம் கூனியிருந்தது. வலக்கையை உயரத் தூக்கி மருந்துப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். மாட்டுவதற்கு அங்கே கம்பி இல்லை. பாட்டிலிலிருந்து குழாய் இறங்கி, தரையில் பாயில் கிடந்த சின்னப் பெண்ணின் கைக்குள் போயிற்று. செத்தவளுக்கு அடுத்தவள். அவளுக்கும் காய்ச்சல்.

டார்ச்சக்கா அதையெல்லாம் பார்த்தாள். ஆனால் பார்த்தது மனசுக்குள் இறங்கும் முன் கால் ஓடிவிட்டது. போய்ப் பளாரென்று அவன் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். முஷ்டியை மடக்கி அவன் மார்பில் குத்தினாள். குத்திக் குத்தி, காலையில் வாரைப் பிய்த்ததில் கொப்பளித்திருந்த அவள் கை உடைந்து நீர் வடிந்தது.

"அவனுக்குக் காது கேக்காதுடா. நீ சொன்னது எதுவும் அவனுக்குக் கேக்கலடா. என்ன பாவம்டா செஞ்சான்?"

அவன் தடுக்கவில்லை. உதட்டில் ரத்தம் வந்தது. துடைக்கவுமில்லை. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"அடிங்கக்கா. பாட்டிலை மட்டும் தட்டிவிட்டுடாதீங்க. நின்னுட்டா மறுபடி ஊசி குத்தணுமாம். நரம்பு கிடைக்க மாட்டேங்குது."

அவள் கை அந்தரத்தில் நின்றது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அழுகிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"அவரைக் கொளுத்தணும்னு நினைக்கலக்கா. சத்தியமா நினைக்கல. உங்க மேல கோவம். தினம் டார்ச்சைத் தூக்கிட்டு வந்து எங்க சொம்புத் தண்ணியைக்கூடக் கொட்டச் சொல்றீங்க. நாங்களும் கொட்டுறோம். குடிக்கிற தண்ணியைக் கொட்டிட்டுப் போய் மறுபடி வரிசையில நிக்கிறோம். அந்த மதிலுக்குப் பின்னால இருந்து சாயங்காலமானா புகை மாதிரி எழும்பி வருதே கொசு, அங்க மட்டும் ஏன்க்கா போக மாட்டேங்கிறீங்க?"

டார்ச்சக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கேட் பூட்டியிருக்கு என்று சொல்லலாம். கேட்டேன், திட்டினார் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். பாயில் கிடந்த குழந்தையின் முன்னால் இரண்டும் ஒன்றுக்கும் உதவாத உண்மையாக இருந்தன.

இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து நின்றார்.

"இவன்தானா?"

காண்ட்ராக்டர் கைக்குட்டைக்குள்ளிருந்து, "சொல்லும்மா" என்றார்.

"இவர் இல்ல" என்றாள் டார்ச்சக்கா.

"இல்லாமலா இந்த அடி அடிச்சே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புகை ஒரே மூட்டமா இருந்துச்சு சார். யார்னு தெரியல. ஆனா நெருப்பு எப்படிப் பிடிச்சுதுன்னு தெரியும். மெஷின் மூடி கசிஞ்சுக்கிட்டிருந்துச்சு. இன்னைக்குக் காலையில காண்ட்ராக்டர்கிட்டச் சொன்னேன். அடுத்த வாரம்னார். கேட்டுப் பாருங்க."

காண்ட்ராக்டர் கைக்குட்டையை எடுத்தார். முகத்தில் இருந்த கனிவு கைக்குட்டையோடு சேர்ந்து போய்விட்டது.

"நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம். அவன் இங்கேயே கிடந்து அழுகட்டும். ஒரு பைசா வராது. உன்னை மாதிரி ஆளுங்களுக்கு இரக்கம் காட்டினேன் பாரு."

"எரிஞ்சது எங்க ஆளு. இரக்கம் எங்க சார் வந்துச்சு?"

அவர் போனார். இன்ஸ்பெக்டரும் அவர் பின்னால் போனார். செய்தது சரியா தப்பா என்று டார்ச்சக்காவுக்கே தெரியவில்லை. கொழுந்தன் உள்ளே வெந்து கிடக்கிறான். நல்ல ஆஸ்பத்திரியைத் தன் கையாலேயே தட்டிவிட்டாள். சுமைக்காரனின் கை இப்போது நடுங்க ஆரம்பித்திருந்தது. பாட்டில் ஆடியது. அவள் எட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"உட்காருங்க. கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்."

மறுநாள் விடிகிறபோது மருந்துக் கிடங்கு வாசலில் மெஷின்கள் உறுமவில்லை. தாடிக்காரர் கலக்கும் கட்டையைப் பீப்பாயில் போடாமல் தோளில் சாய்த்து நின்றார். எல்லாரும் வந்திருந்தார்கள். சத்தத்தின் மெஷின் கருகி, உருகி, மூலையில் கிடந்தது. யாரும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"இன்னைக்குப் புகை வேண்டாம். டயர் கிடங்குக்குப் போவோம்" என்றாள் டார்ச்சக்கா.

நெற்றியில் கட்டுப் போட்டிருந்த ஒரு மெஷின்காரன் சீறினான். முந்தின நாள் சத்தத்துக்குப் பின்னால் சந்துக்குள் வந்து அவனும் அடி வாங்கியிருந்தான். "நம்மை அடிச்ச தெருவுக்காக நம்ம வேலையைப் பலி குடுக்கணுமா? அவனுங்க சாகட்டும்."

"சாகத்தான் செய்றாங்க" என்றார் தாடிக்காரர். "உன் வீட்டுல எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்துச்சு, சொல்லு. கொசு யாருகிட்ட வேலை பாக்குதுன்னு கேட்டுட்டா கடிக்குது? காண்ட்ராக்டருக்கு மதிலுக்கு உள்ளேயும் லாபம், வெளியேயும் லாபம். காய்ச்சல் நிக்காத வரைக்கும் காண்ட்ராக்ட் நிக்காது. நம்மை அவங்க அடிச்சதுலயும் அவருக்கு லாபம்தான். அதை மட்டும் குடுக்காம இருப்போம்."

"மறுபடி அடிச்சா?"

"அடிச்சா முன்னால நான் நிக்கிறேன். எனக்குத்தான் இனிமே பறிபோக வேலையே இல்லையே" என்றாள் டார்ச்சக்கா. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்த பிறகு நடப்பது கொஞ்சம் சுலபமாயிருந்தது.

பின் தெருவில் அவர்களைக் கண்டதும் ஆட்கள் எழுந்தார்கள். கட்டைகளும் எழுந்தன. சுமைக்காரன் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இரவெல்லாம் பாட்டில் பிடித்த கையை மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். விடிகாலையில் சின்னவளை ஆஸ்பத்திரியில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"மெஷின் எங்கேக்கா?"

"கொண்டுவரல. ஆள்தான் வந்திருக்கோம். கேட்டு பூட்டியிருக்கு. உங்க தோள் வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். கட்டுப் போட்டிருந்த மெஷின்காரனைப் பார்த்தான். சுமைக்காரன் அவன் முன்னால் போய் நின்று தலை குனிந்தான். மெஷின்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கட்டைத் தொட்டுக்கொண்டான். பிறகு, "சரி, வா" என்றான்.

டயர் கிடங்கின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் காண்ட்ராக்டரின் ஆட்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். கையில் இரும்புக் குழாய்கள். காண்ட்ராக்டரும் இருந்தார். இந்தத் தடவை காரைவிட்டு இறங்கியிருந்தார்.

"இது என் இடம். கால் வச்சா கால் இருக்காது."

"உள்ளே இருக்கிறதை மதில் தாண்டாமப் பாத்துக்குங்க. நாங்க வர மாட்டோம்" என்றாள் டார்ச்சக்கா.

"கொசுவுக்கு நான் வேலி போடணுமா?"

"தண்ணியைக் கொட்டணும். அவ்வளவுதான். அதுக்குக் கூலிகூட வேண்டாம்."

"போடுங்கடா" என்றார் அவர்.

முதல் குழாய் தாடிக்காரரின் தோளில் விழுந்தது. அவர் தன் கலக்கும் கட்டையைச் சுழற்றினார். அதன்பின் எது யார் கை என்று தெரியவில்லை. குழாயும் கட்டையும் மோதிக் கணகணத்தன. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் பல்லோடு ரத்தம் வந்தது. தகர வீடுகளிலிருந்து பெண்கள் செங்கல்லோடு ஓடிவந்தார்கள். ஒரு குழாய் தன் தலைக்கு வருவதை டார்ச்சக்கா பார்த்தாள். இடக்கையைத் தூக்கினாள். சுள்ளி முறிவது போல எலும்பு முறியும் ஒலி அவளுக்கே கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அடித்தவன் மறுபடி ஓங்கினான். நெற்றிக் கட்டுக்காரன் பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்துக் கீழே சாய்த்தான்.

சுமைக்காரன் யாரையும் அடிக்கவில்லை. முதுகில் விழுந்த அடிகளை மூட்டை விழுந்தது போல வாங்கிக்கொண்டு கேட் வரை போனான். குனிந்து அடிக்கம்பியைப் பிடித்தான். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. இன்னும் நாலைந்து சுமைக்காரர்கள் வந்து பக்கத்தில் குனிந்தார்கள். மூட்டை ஏற்றும்போது போடும் அதே குரலைப் போட்டார்கள். கேட் கீலிலிருந்து கழன்று, ஒரு நொடி நின்று, உள்ளே சாய்ந்தது.

அந்த அதிர்வில் டயர் மலையிலிருந்து கொசுக்கூட்டம் எழும்பியது. கரும் போர்வை போல, ரீங்காரத்தோடு. காண்ட்ராக்டரின் ஆட்களே முதலில் ஓடினார்கள். முகத்திலும் கழுத்திலும் அறைந்துகொண்டு, குழாய்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களும் எங்கேயோ ஒரு தகரக் கூரைக்குக் கீழேதான் குடியிருந்தார்கள். ஒருவன் மட்டும் ஓடாமல் நின்று, டயருக்குள் குனிந்து பார்த்தான். உள்ளே தண்ணீர் தெரியவில்லை. புழு மட்டும் நெளிந்தது. "என் பொண்டாட்டிக்கும் இந்தக் காய்ச்சல்தான்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அவன் கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

டார்ச்சக்காவின் கையைத் தாடிக்காரர் இரண்டு கம்பு வைத்துத் துணியால் கட்டினார். அவருக்கே ஒரு தோள் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை தொடங்கியது. முதல் டயரைச் சாய்த்தார்கள். கறுத்த தண்ணீர் கொட்டி வெயில் காயும் மண்ணில் பரவியது. அடுத்த டயர். அதற்கடுத்தது. கொட்டிய டயரை மழை படாத கூரைக்கடியில் கொண்டுபோய் அடுக்க வரிசை வேண்டியிருந்தது. மெஷின்காரன் ஒருவன், சுமைக்காரன் ஒருவன், பெண்கள் என்று கைக்குக் கை வரிசை நீண்டது. ஒருவருடைய ரத்தம் அடுத்தவர் கையில் ஒட்டியது.

போலீஸ் வண்டி வந்தது. முந்தின நாள் பார்த்த அதே இன்ஸ்பெக்டர். காண்ட்ராக்டர் அவர் காதோடு என்னவோ சொன்னார். அவர் கேட்டில் நின்று, "எல்லாரும் வெளியே வாங்க. இது தனியார் இடம். வரலைன்னா மொத்தப் பேரையும் ஏத்துவேன்" என்றார்.

"ஏத்துங்க சார். இதை முடிச்சிட்டு நாங்களே வந்து ஏறிக்கிறோம். மேலே பாருங்க" என்றாள் டார்ச்சக்கா.

அவர் மேலே பார்த்தார். மேற்கே வானம் இருண்டு வந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் திறந்த டயர்கள் திரும்ப நிறையும். அவர் தன் கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அடித்தார். உள்ளங்கையில் ரத்தப் பொட்டு இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார்.

"உங்களை ஏத்தப் பெரிய வண்டி வரச் சொல்லியிருக்கு. அது வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார், காண்ட்ராக்டருக்குக் கேட்காத குரலில்.

"வரட்டும் சார்."

வரிசையில் ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. அடி வாங்கிய ஒருவன் மயங்கிவிட்டதால் அவனைத் தூக்கிப்போயிருந்தார்கள். டார்ச்சக்கா ஒற்றைக் கையால் டயரை உருட்டி நிமிர்ந்தபோது, வாங்க ஆள் இல்லை. அப்போது கேட்டின் வழியாக அவள் வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள். விரித்த தலையை இப்போது முடிந்திருந்தாள். குழந்தையின் பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள். போலீஸ்காரர்களைத் தாண்டி, தன் புருஷனைத் தாண்டி, விட்டுப்போன இடத்தில் வந்து நின்றாள்.

டயரை வாங்கினாள். மிச்சமிருந்த தண்ணீர் அவள் காலில் கொட்டியது. குனிந்து அதில் நெளிந்ததைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் காலை அழுத்தி அதை மண்ணோடு தேய்த்துவிட்டு, டயரை அடுத்த கைக்குத் தள்ளினாள்.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் டார்ச்சக்காவிடம். பேசிப் பழகாததுபோல் குரல் கரகரத்தது.

"வலிக்குது."

"நீங்க உருட்டிவிட்டாப் போதும். தூக்கறதை நான் பாத்துக்கறேன்."

தூரத்தில் பெரிய வண்டியின் சைரன் கேட்டது. முதல் தூறல் விழுந்தது. பாதி மலை இன்னும் அப்படியே நின்றது. காண்ட்ராக்டர் கைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். நெற்றிக் கட்டுக்காரன் மிச்ச டயர்களை மூட எடுத்த தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனைக்கு ஆள் கேட்டான். நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. சைரன் சந்து முனைக்கு வந்துவிட்டது. வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டார்ச்சக்கா அடுத்த டயரை உருட்டினாள்.